முதலாளி

மல்லாவிச் சந்திக்கு மேற்கே, பாலை மரத்தடியில்
நாலு தகரம், ஆறு கம்பு, காற்றடிக்க ஒரு பம்.
கடை அவ்வளவுதான்.
முதலாளி நானில்லை.
அவர் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார்,
ஐந்து இதழ் மஞ்சள் பூவைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு.
நெருஞ்சி என்று பெயர்.
அவர் ஒரு முள்ளை நிமிர்த்தி வைத்தால்
எனக்கு நூறு ரூபா.

சிறுபோகம் பிழைத்த வருசங்களில் வியாபாரம் நல்லம்.
நெல் நிற்கவேண்டிய இடமெல்லாம் அவர் நிற்பார்.
இதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

போன ஆனியில் எனக்கே கல் வந்தது.
இடது விலாவுக்குக் கீழே, இரவு இரண்டு மணிக்கு,
யாரோ உள்ளே இருந்து ரயர் கழற்றுகிற மாதிரி.
கிளிநொச்சியில் படம் பிடித்தார்கள்.
ஆறு மில்லிமீற்றர். நிறையத் தண்ணி குடியுங்கோ.
எந்தத் தண்ணி என்று சொல்லவில்லை.
எங்கள் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்தால்
கேத்திலின் அடியில் சுண்ணாம்பு பூக்கிறது.

கேள்விப்பட்டு, அத்தானின் மகன்
ரொறன்ரோவிலிருந்து ஒரு போத்தல் குளிசை அனுப்பினான்.
பிரித்துப் பார்த்தால், முதலாளி!
பூவும் முள்ளும் அச்சொட்டாக.
மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன்,
கழுத்தே இல்லை, முழுக்கத் தோள்.
அடியில் சீன எழுத்து, பொடியாக.
சீனத்தில் கண் சிவப்புக்கும் சொறிக்கும் கொடுப்பார்களாம்,
அங்கே ஜிம்முக்குப் போகிறவர்கள் விழுங்குவார்களாம்.
அவன் தனக்கு வாங்கி வைத்ததுதான் போல.
முடிவு திகதி போய் இரண்டு மாதம்.
நான் போத்தலை வால்கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சனம் பார்த்துச் சிரித்தது.

வதனரூபி சிரிக்கவில்லை.
பாலிநகர்ப் பிள்ளை. கண்ணிவெடி எடுக்கிற வேலை.
பின்னேரம் ஐந்தரைக்கு, முன் சில்லு சப்பையாக, உருட்டிக்கொண்டு வருவாள்.
அந்த ரியூப்பில் நான் போட்ட ஒட்டு மட்டும் ஏழு.
அன்றைக்கு வாங்கில் இருந்து
முழங்காலில் ஒன்றைப் பிடுங்கி என் பெட்டியில் வைத்தாள்.
"மிசின் இரும்புக்குத்தான் கத்தும். இதுக்குக் கத்தாது."

ஆனைநெருஞ்சிக்கு யானைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு,
மிதித்தால் யானையும் மண்டியிடுமாம்.
இவள் சம்பளத்துக்கு மண்டியிடுகிறாள்,
காலை ஆறரையிலிருந்து, முகத்துக்குக் கண்ணாடி போட்டு,
ஒரு நாளைக்குச் சில இடத்தில் மூன்று அடி.

"ஒருக்கால் கொடி ஒண்டு அதுக்கு மேலேயே படர்ந்து கிடந்தது, அண்ணை.
பூ, பிஞ்சு, காய் எல்லாம்.
எத்தனை வருசமோ."
நான் ரியூப்பை வாளிக்குள் அமத்தினேன்.
"வெடிக்கேல்லையோ?"
"பாரம் காணாது."
குமிழ் வந்தது. இரண்டு இடத்தில்.

அடுத்த கிழமை ஒரு கடைப்பை நிறைய
வேரோடு கொண்டுவந்தாள். பை முழுக்க ஓட்டை,
முள் வெளியே எட்டிப் பார்த்தது.
வேரில் சிவந்த மண்.
"பார்த்து முடிச்ச நிலம்," என்றாள்.
"பயமில்லாமல் குடியுங்கோ."

நாலு பேணித் தண்ணி ஒரு பேணியாக வற்ற.
கைப்பில்லை. கழுவாத பாத்திரத்தின் ருசி.
அதுதானோ, கிணறோ, தானாக வந்த நேரமோ தெரியாது,
பதினோராம் நாள் விடிய
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
சத்தம் கேட்டது. பீங்கானில் ஒரு சின்னச் சத்தம்.

பனடோல் மூடியில் வைத்து அவளுக்குக் காட்டினேன்.
பழுப்பு நிறம், சுற்றிவர முள்.
அச்சு அசல் முதலாளியின் குட்டி.
அவள் தொடவில்லை.
குனிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து,
மூச்சை அடக்கிப் பார்த்தாள்,
அங்கே பார்க்கிற மாதிரி.
பிறகு நிமிர்ந்து, "வெள்ளைக் கட்டை வைக்கலாம்," என்றாள்.

அன்றைக்கும் முன் சில்லில் காற்றில்லை.
காசு வேண்டாம் என்றேன்.
பின் சில்லுக்கு வாங்கினேன்.